சட்டாம்பிள்ளையும் ஜிம்மி ஹாப்கின்ஸும்

2006 அக்டோபர் 17 அன்று வட அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ‘புல்லி’ என்றொரு வீடியோ விளையாட்டு வெளியாயிற்று. எளியோரைத் துன்புறுத்தும் முரடன் என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். (சங்கப் பாடல்கள் சுட்டும் கள்வர் கோமான் புல்லிக்கும் இதற்கும் ஒலியொற்றுமையன்றி உறவில்லை.) முன்வகுத்த பாதையின்றி ஆட்டக்காரர் விரும்பிய திசையில் அலையக்கூடிய விளையாட்டுகளைத் ‘திறந்த உலகம்’ என்பர். ராக்ஸ்டார் நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் அவ்வுலகம் குற்றங்கள் மலிந்த பெருநகரமாக இருந்தது. அந்நிறுவனத்தின் வான்கூவர் கிளை உருவாக்கிய இவ்விளையாட்டிலோ அது ஓர் உறைவிடப் பள்ளி.

கதை எளியது. பதினைந்து வயது ஜிம்மி ஹாப்கின்ஸைப் புல்வொர்த் பள்ளியின் வாயிலில் இறக்கிவிட்டு, தாயும் அவளுடைய புதிய கணவரும் ஓராண்டுத் தேனிலவுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே பணக்காரப் பிள்ளைகள், உடற்கட்டு வீரர்கள், புத்தகப் புழுக்கள், போக்கிரிகள் எனக் குழுக்கள் பல. அவற்றினிடையே அவன் பிழைத்தாக வேண்டும்.

விளையாட்டு கடைக்கு வருமுன்பே கண்டனங்கள் வந்துவிட்டன. புளோரிடாவில் ஜாக் தாம்சன் என்ற வழக்கறிஞர் விற்பனையைத் தடுக்க நீதிமன்றம் சென்றார். நீதிபதி விளையாட்டைப் பார்வையிட்டபின் விற்பனையை அனுமதித்தார். பிரிட்டனில் பெயரையே மாற்றி, ‘நாய் நாயைத் தின்னும்’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரைச் சூட்டி வெளியிட்டனர். 2008 ஏப்ரலில் பிரேசிலில் ஒரு நீதிபதி விற்பனைக்குத் தடை விதித்தார். 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலையின் நிழல் இவ்வச்சத்தின்மீது படிந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்விளையாட்டில் துப்பாக்கி கிடையாது. உண்டிவில்லும் முட்டையும் நாற்றக்குண்டும்தாம் உண்டு. எவரும் கொல்லப்படுவதில்லை. சிறுவர்களையோ பெண்பிள்ளைகளையோ அடித்தால் தண்டனை உடனே வந்துசேரும்.

கண்டித்தவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இதன் மையத்தில் இருக்கிறது: மணி. காலையில் ஒரு வகுப்பு, பிற்பகலில் ஒரு வகுப்பு. மணி அடித்தபின் வெளியே திரிந்தால் துரத்திப் பிடிப்பார்கள். இரவு இரண்டு மணிவரை உறங்காவிட்டால் ஜிம்மி நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவான். எனினும் வகுப்புக்குப் போவது கட்டாயமன்று. போனால் பயனுண்டு, அவ்வளவே. வேதியியல் தேறினால் வெடிகள் செய்யலாம். மொழி வகுப்பில் கலைந்த எழுத்துகளைக் கூட்டிச் சொற்களாக்க வேண்டும்; அதில் தேறியவனுக்குச் சாதுரியமாக மன்னிப்புக் கேட்கும் திறன் கூடும். மொழியாசிரியனாக நான் இவ்விடத்தில் சற்று நின்றுவிட்டேன். மொழிப்பாடத்தின் பயனை இத்தனை சுருக்கமாகச் சொன்ன பாடத்திட்டம் எதையும் நான் கண்டதில்லை.

துரத்துகிறவர்கள் ஆசிரியர்களைவிடப் பெரும்பாலும் ‘பிரிஃபெக்ட்’ எனப்படும் மூத்த மாணவர்களே. இவர்களைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் காண்பார்: நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை. உபாத்தியாயர் இல்லாதபோது பிரம்பு அவன் கைக்கு வரும். ‘ஆனந்த விகட’னில் 1940 முதல் 1942 வரை தொடராக வெளிவந்த ‘என் சரித்திர’த்தில் உ.வே.சாமிநாதையர் அத்தகைய பள்ளிகளின் வாழ்வைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த உறவு வெறும் ஒப்புமையன்று. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனையே மற்றவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது திண்ணைப் பள்ளிகளில் முன்பே இருந்த வழக்கம்தான். பெல் 1797இல் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கை வழியே இது ‘மெட்ராஸ் முறை’ என உலகெங்கும் பரவியது. ஆங்கிலேய உறைவிடப் பள்ளிகளின் பிரிஃபெக்ட் வேறு வேரிலிருந்து முளைத்தவன். ஆயினும் இரண்டிலும் உள்ளுறை ஒன்றே: பள்ளியின் அதிகாரத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, மற்றக் குழந்தையின்மீது செலுத்துவது. ‘புல்லி’ அதை விளையாடிக் காணச் செய்தது. அதுவே அதன் வரலாற்று முக்கியத்துவம் எனக் கருதுகிறேன்.

இதைக் கள்ளக்குறிச்சியிலிருந்து யோசிக்கையில் படம் தலைகீழாகிறது. ஜிம்மிக்குப் பள்ளி முதலில் வருகிறது. மதிலுக்கு அப்பாலுள்ள ஊர் பின்னர் திறக்கிறது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்கோ திறந்த உலகம் முன்பே இருக்கிறது: ஓடை, காடு, மரவள்ளிக் கொல்லை. மணியும் மதிலும் அரசு உண்டு உறைவிடப் பள்ளியோடு பிறகு வருபவை. அக்குழந்தையையும் பெற்றோர் வாயிலில் விட்டுச் செல்கிறார்கள். தேனிலவுக்காக அன்று, வெளியூர்க் கூலிவேலைக்காக. மூன்று வேளை உணவும் எழுத்தறிவும் தரும் அப்பள்ளிகளைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. மலையிலிருந்து கல்லூரிவரை வந்துசேரும் மாணவர்கள் அவற்றின் வழியாகவே வருகிறார்கள்.

ஆனால் வழியில் நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு மலையேறிய பிள்ளை திரும்பி வராதபோது நாம் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறோம், பெற்றோரைக் குறைசொல்கிறோம். அந்த விளையாட்டை ஆக்கியவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இதனினும் நேர்மையானது: வெளியே போகக் கதவு திறந்திருக்கும்போது, ஒரு பிள்ளை வகுப்புக்குள் வர நாம் என்ன காரணம் வைத்திருக்கிறோம்? மணலில் எழுதக் கற்ற சிறுவன் அங்கேயே இன்னொருவனுக்குக் கற்பிக்கவும் செய்தான். கற்றது அப்போதே கைக்குப் பயன்பட்டது. வெள்ளிமலைச் சந்தையிலோ வன அலுவலகத்திலோ வட்டாட்சியர் முன்னிலையிலோ நிற்கும்போது கைகொடுக்கும் ஒரு சொல்லையாவது நம் தமிழ் வகுப்பு அவனுக்குத் தருகிறதா? மொழியாசிரியர்களாகிய நாம் முதலில் விடைசொல்ல வேண்டியது இதற்குத்தான்.