குறைந்த செலவும் மனிதத் தேவையும்: ஏகபரிமாணத் திட்டமிடலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணித முறைகளை அவை தோன்றிய சமூகச் சூழலினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. விதிக்கப்பட்ட தேவைகளை மிகக் குறைந்த செலவில் நிறைவுசெய்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தரும் ஏகபரிமாணத் திட்டமிடல் 1930களின் இறுதியிலும் 1940களிலும் உருப்பெற்றது. அதன் வரலாற்றில் 'உணவுப் பிரச்சினை' தனியிடம் பெறுகின்றது. கணக்கைத் தீர்த்தல் ஒரு பணி, கணக்கை அமைத்தல் வேறொரு பணி என்பதனை அப்பிரச்சினை தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

அமெரிக்கப் பொருளியலாளரான ஜோர்ஜ் ஸ்டிக்லர் 1945இல் உயிர்வாழ்வுக்கான செலவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 154 இறாத்தல் நிறையுள்ள ஓர் ஆணுக்கு வேண்டிய கலோரி, புரதம், கல்சியம், இரும்பு, ஐந்து விற்றமின்கள் ஆகிய ஒன்பது தேவைகளை 77 உணவுகளிலிருந்து மிக மலிவாகப் பெறுவது எங்ஙனம் என்பதே அவரது வினா. நேரடித் தீர்வுமுறை அன்று அவருக்குக் கிட்டவில்லை. சத்துக்கு விலை மிகுந்த உணவுகளை நீக்கி, எஞ்சியவற்றை மாற்றி மாற்றிச் சோதித்து, கோதுமை மா, செறிந்த பால், கோவா, பசளிக்கீரை, உலர்ந்த அவரை விதை ஆகிய ஐந்தினைத் தெரிந்தெடுத்தார். 1939ஆம் ஆண்டு விலைகளின்படி ஓராண்டுச் செலவு 39.93 டொலர்.

இத்தகைய பிரச்சினையின் அமைப்பினை ஒரு சிறு உதாரணத்தால் விளக்கலாம். இரு உணவுகளின் அலகுவிலைகள் முறையே 2, 3 எனக் கொள்வோம். முதலாவது உணவின் ஓரலகு 2 அலகு சக்தியும் 1 அலகு புரதமும் தரும்; இரண்டாவது 1 அலகு சக்தியும் 2 அலகு புரதமும் தரும். குறைந்தது 8 அலகு சக்தியும் 7 அலகு புரதமும் வேண்டும். இவ்விரு சமனிலிகளையும் நிறைவுசெய்யும் பிரதேசத்துக்கு மூன்று மூலைகள் உண்டு. முதலாவதை மட்டும் 7 அலகு வாங்கின் செலவு 14. இரண்டாவதை மட்டும் 8 அலகு வாங்கின் 24. முதலாவதில் 3, இரண்டாவதில் 2 வாங்கின் 12. மிகக் குறைந்த செலவு ஒரு மூலையிலேயே கிட்டுமாதலால் விடை 12 ஆகும்.

மாறிகள் பெருகும்போது மூலைகளும் எண்ணிலடங்காது பெருகும். ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் திட்டமிடற் பணியில் ஈடுபட்டிருந்த ஜோர்ஜ் டான்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, செலவு குறையும் திசையில் மூலைக்கு மூலை நகர்ந்து விடையை அடைகின்றது. அவ்வாண்டிலேயே ஜாக் லாடர்மன் ஸ்டிக்லரின் பிரச்சினையை இம்முறையாற் சோதித்தார். ஒன்பது எழுதுவினைஞர்கள் மேசைக் கணிபொறிகளைக் கொண்டு 120 ஆள்நாட்கள் உழைத்துக் கண்ட விடை 39.69 டொலர். ஸ்டிக்லரின் விடையிலிருந்து அது 24 சதம் மாத்திரமே வேறுபட்டது.

எனினும், இவ்விடையைக் கொண்டு எவரும் உண்டு வாழ்வர் என ஸ்டிக்லரே கருதவில்லை. உணவியலாளர் வகுத்த 'மலிவான' உணவுத்திட்டங்கள் இதனிலும் பன்மடங்கு செலவானவை. சுவை, பல்வகைமை, வழக்காறு ஆகியவற்றை வெளிப்படையாகக் கூறாது விஞ்ஞானத்தின் பெயரால் அவர்கள் உட்புகுத்தியமையே இதற்குக் காரணம் என அவர் சுட்டினார். கணிதமும் இதனை உறுதிப்படுத்துகின்றது. ஒன்பது நிபந்தனைகள் மட்டும் இருப்பின், மிகக் குறைந்த செலவை எய்த ஒன்பதுக்கு மேற்பட்ட உணவுகள் ஒருபோதும் தேவைப்படா. மலிவான உணவு சலிப்பூட்டுவது தற்செயலன்று; நிபந்தனைகளில் இடம்பெறாதது விடையிலும் இடம்பெறுவதில்லை. 1950களில் டான்சிக் தமக்கென ஓர் உணவுத்திட்டத்தைக் கணினியிற் கணித்தபோது, அது 500 கலன் வினாகிரியைப் பரிந்துரைத்தது. பொறி பிழை விடவில்லை. விதிக்கவேண்டிய எல்லையை மனிதர் விதிக்கவில்லை.

இத்துறைக்குப் பிறிதொரு மூலமும் உண்டு. லெனின்கிராட்டில் லியோனிட் கண்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிலின் பொறிகளுக்கு வேலையைப் பகிரும் பிரச்சினையிலிருந்து தொடங்கி, 1939இல் உற்பத்தித் திட்டமிடல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அவரது 'தீர்வுப் பெருக்கிகள்' ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெறுமதியைக் கொடுத்தன. மேற்காட்டிய உதாரணத்தில் புரதத் தேவை ஓரலகு உயரின் செலவு 4/3 அலகு உயரும். அதுவே அந்நிபந்தனையின் பெறுமதி. உழைப்புப் பெறுமதிக் கோட்பாட்டுக்கு இது முரணானதெனச் சோவியத் பொருளியலாளர் சிலர் எதிர்த்தனர். ஆயினும் 1965இல் லெனின் பரிசும், 1975இல் கூப்மன்சுடன் நோபல் பரிசும் அவரைச் சென்றடைந்தன.

சந்தைப் பொருளாதாரத்திலும் திட்டமிட்ட பொருளாதாரத்திலும் ஒரே கணிதம் வேரூன்றியமை சிந்தனைக்குரியது. குறைந்த செலவு எதுவெனக் கணிதம் கூறும். மனிதனுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பதை அது கூறாது. கூலியையும் நிவாரணத்தையும் வரையறுக்க இத்தகைய கணக்குகள் எடுத்தாளப்படும்போது, விடையைச் சரிபார்ப்பதோடு நாம் அமைதல் ஆகாது. நிபந்தனைகளை எழுதியவர் யார், எவற்றை விடுத்தார் என்பதையும் வினவுதல் வேண்டும். பெறுமதி கணிக்கக்கூடிய நிபந்தனையை மறைத்து வைப்பதற்கு நியாயமில்லை. சுவையும் வழக்காறும் மனித மாண்பும் தேவைகளாயின், அவற்றையும் சமனிலிகளாக வெளிப்படையாக எழுதி, அவற்றுக்கான செலவைச் சமூகம் அறிந்து ஏற்பதே நேர்மையான திட்டமிடலாகும்.