எலும்பு முறியாத முதுகுக் காயம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையருகே ஒரு காலத்தில் எருமைப் பட்டிகள் இருந்தன. அதனால் மலாய் மொழியில் அவ்விடத்துக்குக் 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். 1858-இல் அங்கே எழுந்த மருத்துவமனை 1924-இல் பிரசவ மருத்துவமனையாயிற்று. 1997-இல் புதுக் கட்டடத்துக்கு மாறி, குழந்தைகளுக்கும் வைத்தியம் தரத் தொடங்கிற்று.

மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு இன்று எக்ஸ்ரே படம் மட்டும் போதாது என்று மருத்துவர்கள் அறிவார்கள். 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்கு காட்டும். பிள்ளைகளின் முதுகெலும்போ இளமூங்கிலைப் போல் வளைந்து நிமிரும். உள்ளிருக்கும் தண்டுவடம் அவ்வளவு இழுபடாது. எனவே எலும்பு முறியாமலே தண்டுவடம் காயப்படலாம். இதை 1982-இல் அமெரிக்காவில் பாங், வில்பெர்கர் என்ற மருத்துவர்கள் விளக்கி எழுதினார்கள். பின்னர் பரவிய எம்.ஆர்.ஐ. படம் தண்டுவடத்தையே காட்டிற்று.

சில பிள்ளைகளுக்குப் பலவீனம் மணிக்கணக்கில், நாட்கணக்கில் பிந்தியும் வரும். ஆகவே பெற்றோர்களே, விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் படுத்திருக்கச் செய்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள். கைகால் சற்று மரத்துப்போய்ப் பிறகு சரியாகிவிட்டாலும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிள்ளையின் நடையைக் காக்கக்கூடும்.