ஒழுகும் பெட்டியின் வரலாறு

எங்கள் வீட்டுச் சாய்ப்பின் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கரிய கறை இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த என் தந்தையார் 1986-இல் பழையதாக வாங்கிய, 1976-ஆம் ஆண்டுத் தயாரிப்பான 350 சி.சி. புல்லட் நிற்கும் இடம் அது. எண்ணெய் ஒழுகுகிறதே என்று யாரேனும் கேட்டால், "ஒழுகினாத்தான் உள்ள எண்ணெ கெடக்குன்னு அர்த்தம்" என்பார். பழைய பிரித்தானிய மோட்டார்சைக்கிள் வைத்திருப்போர் உலகெங்கும் சொல்லிக்கொள்ளும் வேடிக்கை அது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். நானும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், சென்ற ஐப்பசி மழையில் வெட்டூர்ணிமடத்தருகே பின்சக்கரம் வழுக்கி, பின்னிருக்கையில் இருந்த மகனோடு சாலையில் விழும்வரை. காயம் பெரிதில்லை. ஆனால் எழுந்து பார்த்தபோது பின்டயரின் இடப்பக்கம் முழுதும் எண்ணெய் மினுங்கியது. அன்றுமுதல் அந்த வேடிக்கையை நான் சொல்வதில்லை.

இந்த ஒழுக்கிற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச், ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே 1851-இல் ஊசித்தொழிலாகத் தொடங்கி, மிதிவண்டிக்கு மாறி, என்பீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிகள் செய்துகொடுத்த தொடர்பால் 'ராயல் என்பீல்டு' என்று பெயர் சூடிக்கொண்டது அந்நிறுவனம். முதல் மோட்டார்சைக்கிள் 1901-இல் வந்தது. புல்லட் என்னும் பெயர் 1930-களின் தொடக்கத்தில். எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தபின், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை உருவாக்கின. தொழிற்சாலை எழுந்தது திருவொற்றியூரில். பட்டினத்தார் அடங்கிய அதே கடற்கரையூரில், வார்ப்பிரும்பில் செய்த இவ்வண்டி பிறந்ததை நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வரும். தொடக்கத்தில் உதிரிகள் கப்பலில் வந்தன. 1962 வாக்கில் எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல். ஆக, சென்னைப் புல்லட் நம் மாவட்டத்துக்கு ஓராண்டு மூத்தது.

தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்டது. மகவு மட்டும் இங்கே, ஐம்பதுகளின் வரைபடத்தைப் பெரிதும் மாற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆனது. பழமையைக் காத்ததில் பழைய குறைகளும் சேர்ந்தே காக்கப்பட்டன என்பதைப் பக்தர்கள் ஒப்புவதில்லை.

கியர்பெட்டி அல்பியான் என்னும் பர்மிங்காம் நிறுவனத்தின் வடிவமைப்பு. நான்கு கியர், மாற்றும் மிதி வலப்பக்கம், எந்த மேல்கியரிலிருந்தும் குதிகாலால் ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வர உதவும் தனி நெம்புகோல் வேறு. இப்பெட்டி எஞ்சினின் பின்புறத்தில் நேரே முடுக்கப்பட்டிருக்கும். ஆனால் எண்ணெய் பொதுவன்று. எஞ்சினுக்கு ஒன்று, கிளட்சு இருக்கும் முதற்சங்கிலிப் பெட்டிக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று. மூன்று அறைகள், மூன்று எண்ணெய்கள், அவற்றைப் பிரிக்கும் தண்டுகளும் புஷ்களும் பேக்கிங்குகளும். சுழலும் தண்டு சுவரைத் துளைத்து வெளியேறும் ஒவ்வோர் இடமும் ஒழுகக்கூடிய வாசல். 2009-10 வாக்கில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டினுள் ஒரே எண்ணெயில் இயங்கும் புதிய அமைப்பு வந்து, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. வாசல்கள் குறைந்தன. அவற்றைக் காவல்காத்த பட்டறைகளும் குறைந்தன.

விழுந்த மறுவாரம் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பெட்டியின் இணைப்பைச் சுற்றிலும் வெளியே பசையை அப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கே நாளில் மீண்டும் ஒழுகிற்று. அதன்பின்தான் கோட்டாறு பக்கம் ஒதுங்கியிருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். எழுபதைக் கடந்தவர். வண்டியைத் தொடுமுன்பே கேட்டார்:

"எந்த எண்ணெ ஒழுவுதுன்னு பாத்தியளா சார்?"

"கியர் எண்ணெய்தான் அண்ணாச்சி."

"அது நீங்க நெனைக்கது. வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மண்ணெண்ணெயால் அடிப்புறம் முழுவதையும் கழுவித் துடைத்தார். உலர்ந்தபின் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். பார்வதிபுரம் வரை ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளைப் பொடிமேல் ஈரத்தின் தடம் தெளிவாக இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார். கறுத்து இளகியிருந்தால் எஞ்சின். நீர்த்து வெளிறியிருந்தால் சங்கிலிப் பெட்டி. தடித்துக் கந்தக நெடி அடித்தால் கியர். ஏட்டுச்சுவடியில் எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைச் சொல்லும் என் ஆசிரியர் நினைவுக்கு வந்தார். இங்கே இரண்டு ஒழுக்குகள் இருந்தன. ஒன்று சங்கிலிப் பெட்டியிலிருந்து. அதன் மூடி முழுவதையும் நடுவிலுள்ள ஒற்றை நட்டு தாங்குகிறது. மிகையாக முறுக்கினால் மூடி வளைந்து ரப்பர் வளையம் விளிம்பில் விலகும். பெரும்பாலோர் கியர் ஒழுக்கு என்று எண்ணுவது இதைத்தான். மற்றது மெய்யான கியர் ஒழுக்கு, சங்கிலியை இழுக்கும் முன்பற்சக்கரத்தின் பின்னாலிருந்து. அதுதான் சங்கிலிவழி டயருக்குப் போனது.

அந்த ஆயில் சீலை எட்டுவதற்கு மூடி, கிளட்சு, உட்பெட்டி, பற்சக்கரம் எல்லாம் கழற்றவேண்டும். சில ரூபாய் வளையத்துக்கு அரைநாள் வேலை. வெளியே பசை அப்பியவர்கள்மேல் அப்போது எனக்குக் கோபம் சற்றுத் தணிந்தது.

ரப்பர் நாட்டில் வாழும் நான் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டேன்: கிக்கர் தண்டின் வளையத்தை நம்மூர் ரப்பரில் வெட்டிக்கொள்ளலாகாதா? "நம்ம கீரிப்பாற ரப்பர் டயருக்குக் கொள்ளாம். எண்ணெயில போட்டா ஊதிப்போவும்" என்றார். வேதியியலும் அதையே சொல்கிறது: இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் வீங்கி வலுவிழக்கும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் 1930-களில் ஜெர்மனியில் உருவானது. அதற்கு முந்திய இயந்திரங்களுக்குக் கம்பளி நமுதாவும் தோலும் தக்கையுமே அடைப்பு. அன்று எண்ணெய் கசிவது குறையன்று, எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. நம் பட்டறைகளில் நாலு கியர்ப் பெட்டிக்குள் குழைந்த கிரீசையும் எண்ணெயையும் கலந்து இட்டதன் நியாயமும் இதுவே. கெட்டியானது மெல்லக் கசியும். பின்னாளில் 'நல்ல எண்ணெய்' என்று மெல்லியதை நிரப்பியவர்கள், ஒழுகுகிறது என்று வண்டியைப் பழித்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். அளவுக்கு மேலும் நிரப்பியிருந்தேன்.

பழைய சீலை எடுத்தபின் மெக்கானிக் புதியதைப் பொருத்திவிடவில்லை. சீலின் உதடு உராயும் உருளைப்பரப்பை நகத்தால் வருடச் சொன்னார். மெல்லிய பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டது. அதே பள்ளத்தில் புதுச் சீலின் உதடு அமர்ந்தால் மறுபடி ஒழுகும். பரப்பை மெருகேற்றி, சீலை ஒரு நூலளவு வெளித்தள்ளி, பள்ளமில்லாத இடத்தில் உதடு படும்படி அமர்த்தினார். உள்ளிருந்த வெண்கல புஷ் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் புதிது கடைந்து வாங்கினோம். அது தேய்ந்தால் தண்டு ஆடும், ஆடும் தண்டை எந்தச் சீலும் அணைத்துப் பிடிக்காது.

புஷ் ஏன் தேய்ந்தது? "சங்கிலிய ஆரு முறுக்குனது?" என்றார். நான்தான். சத்தம் போடுகிறதென்று விறைக்க இழுத்து வைத்திருந்தேன். இருவர் ஏறியமர்ந்தால் பின்கை எழும்பிச் சங்கிலி மேலும் இறுகும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்கியது அந்தப் பாவப்பட்ட புஷ். நடுவில் ஓர் அங்குலம் அளவு தொய்வு விட்டு, பிறகே பூட்டினார்.

கூலி வாங்கும்போது, இவ்வேலையை யாருக்கேனும் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பேரன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறானாம். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததைக் காட்டி, "நீங்க எழுதுதேளே, அது போதும்" என்றார். போதாது என்பது எனக்குத் தெரியும். நகத்தில் தட்டிய அந்தப் பள்ளத்தை எப்படி எழுதுவது?

இப்போது வண்டியின் கீழே தினமும் ஒரு செய்தித்தாளை விரித்துவைக்கிறேன். மூன்று வாரமாயிற்று. பின்டயர் உலர்ந்திருக்கிறது. சங்கிலிப் பெட்டியின் அடியில் மட்டும் வாரத்துக்கு இரண்டு சொட்டு. போய்ச் சொன்னேன். நட்டை இன்னும் முறுக்கக்கூடாது, அப்படியே விடுங்கள் என்றுவிட்டார்.