கற்றாழை நாற்றமும் படிகாரமும்: வெட்கத்தை விற்ற கதை

1/
வெயில் ஏற ஏற ஓபியில் ஒரே மாதிரி கேஸ் திரும்பத் திரும்ப வருது. அக்குள் ரெண்டும் சிவந்து, தோல் உரிஞ்சு, கையைக் கீழே இறக்க முடியாம வர்றாங்க. என்னாச்சுன்னு கேட்டா, "வீட்லயே இயற்கையா டியோடரன்ட் செஞ்சு போட்டேன் சார்" என்கிறார்கள். அதைப் பத்திதான் இந்த நீளமான த்ரெட். பாதி வரலாறு, கடைசியில் என்ன செய்யலாம்னும் சொல்றேன். பொறுமையா படிங்க.

2/
போன மாசம் ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு வந்தா. ஆப்பசோடாவையும் எலுமிச்சைச் சாறையும் குழைச்சு அஞ்சு நாள் அக்குள்ல தடவியிருக்கா. முதல் நாளே எரிஞ்சிருக்கு. "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நெனச்சேன் சார்"னு சொன்னா. ஏம்மா இவ்ளோ கஷ்டப்பட்டேன்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம் மெதுவா சொன்னா, கிளாஸ்ல அவ பேரே இப்போ "கத்தாழை"யாம். பத்து நாளா பள்ளிக்கூடம் போகல.

3/
அக்குள் வாடைக்கு நம்ம ஊர்ல "கற்றாழை நாற்றம்"னு ஒரு பேரு உண்டு, உங்களுக்கே தெரியும். அவளோட அம்மா கட்டட வேலை பாக்குறவங்க. ரூமுக்குள்ள வராம வாசல்லயே நின்னாங்க. உள்ள வாங்கம்மான்னேன். "வேலையில இருந்து அப்படியே வந்துட்டேன் சார், வேர்வையா இருக்கு, தள்ளியே நிக்கிறேன்"னாங்க. இந்த ரெண்டு பேருக்கும் இந்த வெட்கத்தை யார் கொடுத்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வரலாற்றுக்குள்ள போறோம்.

4/
முதல்ல அந்தப் புண் ஏன் வந்ததுன்னு பாத்துடலாம். நம்ம தோலோட மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. பிஹெச் கணக்கில் சுமார் 5. அதுதான் தோலுக்குக் காவல். ஆப்பசோடா காரத்தன்மை உள்ளது, பிஹெச் 8க்கு மேல. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டிய கடும் அமிலம். ரெண்டையும் கலந்தா நுரைக்கும், ஆனா எது மிச்சம் நிக்கும்னு சமையலறை ஸ்பூன் அளவுல யாருக்கும் தெரியாது. அக்குள் தோல் மெல்லிசு, மடிஞ்சு உரசுற இடம் வேற. வெந்து போகாம என்ன செய்யும்?

5/
இப்போ அடிப்படை விஷயம். வியர்வைக்கு நாற்றம் கிடையாது. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. வியர்வைச் சுரப்பிகளை 1833ல் விவரிச்சவர் செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே. அதுல ரெண்டு வகை உண்டு. உடம்பு முழுக்க லட்சக்கணக்குல இருக்கிறது எக்ரைன் சுரப்பி. தண்ணியும் உப்பும் விட்டு உடம்பைக் குளிர வைக்கும். இன்னொன்னு அபோக்ரைன். அக்குள், இடுப்புக்குக் கீழே மாதிரி சில இடங்கள்ல மட்டும். வயசுக்கு வரும்போதுதான் அது வேலையை ஆரம்பிக்கும். சின்னப் புள்ளைங்க அக்குள் நாறாததும், பத்தாவது படிக்கும்போது திடீர்னு நாறுறதும் இதனாலதான்.

6/
1953ல் அமெரிக்காவில் ஷெல்லி, ஹர்லி, நிக்கோல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் எளிமையான ஒரு சோதனை செஞ்சாங்க. அபோக்ரைன் வியர்வையைக் கிருமி படாம சேகரிச்சாங்க. அது நாறல. அதே வியர்வையில் தோல்ல வாழுற பாக்டீரியா சேர்ந்தப்போ நாறிச்சு. அதாவது நம்ம தோல்ல வழக்கமா குடியிருக்கிற பாக்டீரியா அந்த வியர்வையைத் தின்னுட்டு விடுற கழிவுதான் அந்த வாடை. அழுக்கா இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதில்ல. டாக்டருக்கும் வரும், கலெக்டருக்கும் வரும்.

7/
வாடை பத்தின கவலை மட்டும் பழசு. ரோமாபுரிக் கவிஞர் ஓவிட், 2000 வருஷத்துக்கு முன்னாடியே 'காதல் கலை' நூல்ல அக்குள் வாடையை ஆட்டுக்கிடாயோட சேர்த்துப் பேசியிருக்கார். அவங்களுக்கு ஆடு, நமக்குக் கற்றாழை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தன்னோட 'இயற்கை வரலாறு' நூல்ல இதுக்கு மருந்தே எழுதி வெச்சிருக்கார். "அலுமென்" என்ற துவர்ப்பு உப்பு. அக்குள் நாற்றத்தையும் வியர்வையையும் குறைக்கும்னு சொல்றார்.

8/
அலுமென்னா என்ன? நம்ம படிகாரம் அந்தக் குடும்பம்தான். சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் கன்னத்துல தேய்க்கிற அந்தக் கண்ணாடிக் கட்டி. கலங்கின தண்ணியைத் தெளிய வைக்க வீட்ல போடுறது. வேதியியல் பேரு பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். 1808ல் ஹம்ப்ரி டேவி, படிகாரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உலோகத்துக்குப் பேரு வெச்சப்போ அந்த லத்தீன் சொல்லைத்தான் எடுத்துக்கிட்டார். "அலுமினியம்"ங்கிற பேரே படிகாரத்துல இருந்து பொறந்தது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

9/
நம்ம பக்கம் என்ன செஞ்சாங்க? 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதின 'பிருஹத் சம்ஹிதை'யில் வாசனைப் பொருட்கள் கலக்குறதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. நம்ம வீடுகள்ல நலங்கு மாவு: பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. இதோட வேலையைக் கவனிங்க. தேய்ச்சுக் கழுவுறது, பிறகு நல்ல வாசனை. அக்குள்ல பூசிட்டு நாள் முழுக்க அப்படியே விடுறதில்ல. கழுவுறதுதான் மருந்து, மணம் அதுக்கு மேல ஒரு சந்தோஷம்.

10/
இப்போ அமெரிக்காவுக்குப் போவோம், கதையோட திருப்பம் அங்கதான். 19ஆம் நூற்றாண்டில் வசதியானவங்க குளிச்சு, சென்ட் போட்டு, உடுப்போட அக்குள் பகுதியில பஞ்சு இல்லன்னா ரப்பர் பட்டை வெச்சு சமாளிச்சாங்க. 1888ல் ஃபிலடெல்ஃபியாவில் 'மம்' வந்தது. மெழுகு மாதிரி களிம்பு, உள்ளே துத்தநாகம், விரலால எடுத்துத் தடவணும். பாக்டீரியாவைக் குறைக்கிற டியோடரன்ட் இது. 1903ல் 'எவர்ட்ரை'. இது அலுமினியம் குளோரைடு. வியர்வை வர்ற துளையையே தற்காலிகமா அடைக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல, இன்னிக்கும் பலர் குழப்பிக்கிறாங்க.

11/
சின்சினாட்டி நகரத்துல ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். ஆபரேஷன் நேரத்துல கை வியர்க்காம இருக்க ஒரு திரவம் கண்டுபிடிச்சார். அவரோட மகள் எட்னா மர்ஃபி, பள்ளிக்கூடப் பொண்ணு, அதை அக்குள்ல போட்டுப் பாத்தா. வேலை செஞ்சது. தாத்தாகிட்ட 150 டாலர் கடன் வாங்கி 'ஓடோரோனோ'ன்னு பேரு வெச்சு விக்க ஆரம்பிச்சா. 1912ல் அட்லாண்டிக் சிட்டி பொருட்காட்சி. வெயில் ஏற ஏற வியாபாரமும் ஏறிச்சு. ஆனா அந்த மருந்து அமிலத்துல கரைச்சது. தோல் எரியும், துணி பாழாகும். எரிச்சல் அன்னிக்கே ஆரம்பம்.

12/
விளம்பரம் எழுத வந்தவர் ஜேம்ஸ் வெப் யங். அதுக்கு முன்னாடி வீடு வீடா பைபிள் விற்றவர். சில வருஷத்துல வியாபாரம் தேங்கி நின்னுச்சு. சர்வே எடுத்துப் பாத்தாங்க. ஓடோரோனோவைப் பத்தி எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா மூணுல ரெண்டு பேரு "எனக்குத் தேவையில்ல"ன்னாங்க. அவங்களுக்கு வாடை ஒரு பிரச்சினையாவே இல்ல! அப்போ யங் என்ன செஞ்சார்? பிரச்சினையை உண்டாக்கினார்.

13/
1919ல் ஒரு பெண்கள் பத்திரிகையில அந்த விளம்பரம் வந்தது. அதோட சாரம் இதுதான்: உன் உடம்பு வாடை உனக்குத் தெரியாது, மத்தவங்களுக்குத் தெரியும், ஆனா யாரும் உன் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. படிச்சுட்டு சுமார் 200 பேர் கோபத்துல சந்தாவையே நிறுத்தினாங்க. ஆனா அடுத்த வருஷம் விற்பனை 112 சதவீதம் ஏறி 4,17,000 டாலர். மருந்து அதேதான். மாறினது என்ன? வாங்குறவங்க மனசுல இப்போ பயம் இருந்தது.

14/
ஆண்களை அப்போ விட்டு வெச்சிருந்தாங்க. 1930களில் பொருளாதாரம் சரிஞ்சு வேலை போயிடுமோன்னு எல்லாரும் பயந்த நேரத்துல, ஆபீஸ்ல நாறினா வேலை போகும்ங்கிற தொனியில அவங்களுக்கும் விளம்பரம் வந்தது. அதே காலத்துல இங்கிலாந்துல எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1937ல் வந்த தன் நூல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிட்டார். உழைக்கிற மக்கள் நாறுவாங்கன்னு நம்பும்படிதான் தன் வர்க்கத்துப் பிள்ளைகளை வளர்த்தாங்க என்று. வாடைங்கிறது எப்பவுமே யாரைத் தள்ளி வைக்கலாம்ங்கிற கணக்கோட சேர்ந்தே வந்திருக்கு. வாசல்ல நின்ன அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க.

15/
அடுத்த பயம் 1990களின் கடைசியில். அலுமினியம் போட்டா நச்சு வெளியேற முடியாம மார்பகப் புற்றுநோய் வரும்னு மின்னஞ்சல் வதந்தி. உடம்பு நச்சைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் வெளியேத்துது, அக்குள் வழியா இல்ல. 2002ல் அமெரிக்காவின் சியாட்டிலில் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியானது. தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் வாட்ஸ்அப்ல வதந்தி இன்னும் உயிரோட இருக்கு. சிறுநீரகம் செயலிழந்தவங்க மட்டும் அலுமினியம் உள்ளதைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்க.

16/
அந்தப் பயத்துக்கு இப்போ மருந்து விக்கிறாங்க. "அலுமினியம் இல்லாத, நூறு சதவீதம் இயற்கையான படிகாரக் கட்டி". 8/ஐ ஒருதடவை திரும்பப் படிங்க. படிகாரத்துக்குள்ள இருக்கிறதே அலுமினியம்தான் சார்! படிகாரத்தை நான் குறை சொல்லல, நல்ல பொருள். ஆனா 1919ல் வெட்கத்தைக் காட்டி வித்தாங்க, இப்போ பயத்தைக் காட்டி விக்கிறாங்க. ரெண்டுக்கும் நடுவுல மாட்டி அக்குள் வெந்து நிக்கிறது 16 வயசுப் பொண்ணு.

17/
சரி, வீட்ல என்ன செய்யலாம்?
– தினம் ரெண்டு வேளை அக்குளை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைங்க. தண்ணி கம்மியா வர்ற வீடா? ஒரு சொம்பு போதும், முழுக் குளியல் வேணாம்.
– முடியை ட்ரிம் பண்ணிக்கலாம்.
– சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைச்சு வெயில்ல காய வைங்க. பாலியஸ்டர் துணி பருத்தியைவிட அதிகமா நாறும்னு 2014ல் பெல்ஜியத்துல ஆய்வே வந்திருக்கு. நம்ம யூனிஃபார்ம் பல இடத்துல என்ன துணின்னு சொல்லத் தேவையில்ல.

18/
– படிகாரம்: கட்டியை நனைச்சு, காயமில்லாத தோல்ல லேசா ஒரு தடவை தேய்ங்க, போதும். ஷேவ் பண்ணின உடனே அக்குள்ல வேணாம்.
– களிம்பு மாதிரிதான் வேணும்னா, தேங்காய் எண்ணெயும் கூவைக்கிழங்கு மாவும் சம அளவு குழைச்சு வெச்சுக்கலாம். மாவு ஈரத்தை உறிஞ்சும். வியர்வையை நிறுத்தாது, நாள் முழுக்கவும் தாங்காது.
– ஆப்பசோடா, எலுமிச்சை, பூண்டு: அக்குளுக்கு வேணவே வேணாம்.
– எது போட்டாலும் எரிஞ்சா உடனே கழுவிடுங்க. எரிச்சல்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, தோல் வேகுதுன்னு அர்த்தம்.

19/
எப்போ டாக்டர்கிட்ட வரணும்? ராத்திரியில உடுப்பு நனையுற வியர்வையோட எடை குறைஞ்சா, காய்ச்சல் இருந்தா (காசநோயா இருக்கலாம்). அக்குள்ல திரும்பத் திரும்பக் கட்டி வந்தா. படபடப்போட அதிகமா வியர்த்தா (தைராய்டு பாக்கணும்). சும்மா உக்காந்திருக்கும்போதே சொட்டச் சொட்ட வியர்த்தா. இதுக்கெல்லாம் மருத்துவம் இருக்கு. அரசு மருத்துவமனையில தோல் நோய்ப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. வெட்கப்பட்டு வீடியோ பாத்து வைத்தியம் பண்ணாதீங்க.

20/
ஒரு விஷயம் சொல்லாம முடிக்க மனசு வரல. அந்த அம்மா முதல் நாள் உள்ள வந்தப்போ என் கை தானா மாஸ்க்கை மேல இழுத்துச்சு. நான் யோசிச்சுச் செய்யல. ஆனா அவங்க பாத்துட்டாங்க, ஒரு அடி பின்னாடி போனாங்க. இவ்ளோ வரலாறு பேசுற எனக்கும் அந்தக் கை இருக்கு.

21/
ஒரு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தாங்க. புண் ஆறியிருந்தது. மறுபடியும் வேலையிலிருந்து நேரா, மறுபடியும் வாசல். ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா"ன்னேன். தயங்கித் தயங்கி உக்காந்தாங்க. பொண்ணு திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறேன்னு சொன்னா. ஆனா "அந்தப் பேரு மட்டும் போகாதுல்ல சார்"னு கேட்டா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. வகுப்புல அந்தப் பேரு காதுல விழுந்தா அங்கேயே நிறுத்துற ஆசிரியரும், வீட்ல பையனை உக்கார வெச்சுப் பேசுற அப்பா அம்மாவும்தான் அதுக்கு மருந்து. உங்க வீட்லயும் ஒருதடவை பேசுங்க.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.