மின்சாரம் கேட்ட தோட்டங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரத்துப் பண்ணை வீடுகளில் பிள்ளைகளோடு சில நாள் தங்கிவருவது அந்நாட்டு நகரக் குடும்பங்களிடம் உள்ள பழக்கம். குதிரை பூட்டிய ஏர், மின்கம்பி எட்டாத வீடு, விடியலில் பால் கறப்பு என்று அமிஷ் எனும் கிறித்தவச் சபை மக்களின் அன்றாடத்தை அங்கே பக்கத்திலிருந்து பார்க்கலாம். பொள்ளாச்சித் தோப்புகளுக்கும் கோபிச்செட்டிபாளையத்து வயல்வெளிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவரும் நம் பெற்றோரின் ஆசையும் அதுதான்: அப்பாரு காலத்து வாழ்க்கையைக் கண்ணில் காட்டிவிட வேண்டும். ஆசையில் குறையில்லை. ஆனால் அமிஷ் பண்ணையைப் போலக் கொங்குத் தோட்டமும் மாறாத பழைய வாழ்க்கை ஒன்றைக் காத்துவைத்திருந்தது, நம் அலட்சியத்தால் அது அழிந்தது என்ற எண்ணத்தை வரலாறு ஏற்கவில்லை. அந்த வாழ்க்கையை முடித்துவைத்தவர்கள் அதை வாழ்ந்தவர்களே. அதற்கு அவர்களிடம் வலுவான காரணம் இருந்தது.

கோபியின் பசுமை கொடிவேரி அணையிலிருந்து வரும் வாய்க்கால் தந்தது. ஈரோட்டை ஒட்டி ஓடும் காலிங்கராயன் வாய்க்காலும் அப்படியே. 1955இல் கீழ்பவானித் திட்டம் முடிந்து இரண்டு லட்சம் ஏக்கருக்குமேல் நீர் பாயும்வரை, இந்த வாய்க்கால்களுக்கு வெளியே இருந்த பெரும்பரப்பு ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையையும் பாறையைக் குடைந்து வெட்டிய கிணற்றையும் நம்பியது. ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவே தனித்தனிச் சாளைகளில் குடும்பங்கள் தங்கியதற்கும் கிணறே பெரிய காரணம். எருதுகளைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறைக்குக் கவலை என்று பெயர். கவலை இறைக்க விடியுமுன் எருது பூட்ட வேண்டும். இரண்டு எருதுகள் வாரி எனும் சரிவுப் பாதையில் இறங்கினால் தோல் பறி நிறைந்து மேலே வரும். பின்னோக்கி நடந்து ஏறினால் அது மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை இப்படி ஏறி இறங்கினாலும் நனைவது கொஞ்ச நிலம்தான். கோவை மாவட்டத்தைப் பற்றி 1887இல் நூல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் இந்தக் கிணற்றுப் பாசனத்தையும் உழவரின் உழைப்பையும் மதித்துப் பதிவு செய்தார். அந்த உழைப்பு யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பறியைத் தைத்தவர்கள் மாதாரிகள் எனப்பட்ட அருந்ததியர். பல தோட்டங்களில் பண்ணையாளாக இருந்து கவலை ஓட்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பண்ணையத்தில் ஆடு மேய்த்தார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அந்தப் பிள்ளைகளின் உலகத்தைத்தான் சொல்கிறது. அப்புச்சி தோட்டத்தில் விடுமுறையைக் கழித்த நினைவு ஒரு பிள்ளைக்கு இனிக்கிறது என்றால், அதே தோட்டத்தில் விடுமுறையே இல்லாத இன்னொரு பிள்ளையும் இருந்தது.

1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அதன்பின் தோட்டங்கள் தயங்கவில்லை. லங்காஸ்டர் அமிஷ் மக்கள் 1920 வாக்கில் பொது மின்கம்பி வீட்டுக்குள் வரக்கூடாது என்று சபையாக முடிவெடுத்தவர்கள். கொங்கு விவசாயிகளோ மின்சாரத்துக்காகத் தெருவுக்கு வந்தார்கள். கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் கோவைத் தெருக்களை அடைத்தன. அதே 1972இல்தான் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க அமிஷ் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே மாட்டுவண்டியில் வந்தவர்கள் கேட்டது மோட்டார் ஓட மலிவான மின்சாரம். பிற்பாடு பல தோட்டத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் பெருந்துறைக்கும் கோவைக்கும் கல்லூரிக்குப் போனார்கள்.

அமிஷ் மக்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். ஒரே மதச்சபை, அதன் கட்டுப்பாடு, மீறினால் விலக்கு என்ற அமைப்பு அவர்களுடையது. அந்த அமைப்போடும்கூட, நிலத்தின் விலை ஏறியபின் அவர்களில் பலர் உழவை விட்டுத் தச்சுப்பட்டறைக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். கொங்கில் கவலையைக் காப்பது என்றால் பண்ணையாள் முறையையும் சேர்த்துக் காப்பது என்று பொருள். அதை இழந்ததற்கு வருந்த நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மோட்டார் வந்தபின்தான் நீர்மட்டம் இறங்கியது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தபின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. கவலை இறைத்த காலத்தில் இப்படி நடக்கவில்லை. இது உண்மை. ஆனால் அன்றைய எல்லையை வைத்தது எருதின் மூச்சும் ஆளின் முதுகும். யாரும் கூடி யோசித்து வைத்த அளவு அல்ல அது. அமிஷ் முடிவு சரியோ தவறோ, கூடி எடுத்த முடிவு. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சிக்கொள்ள நம்மவர்க்கும் நன்றாகத் தெரியும். கிணற்றுக்கு மட்டும் அந்த முறை வரவில்லை. நிலம் யாருடையதோ, அதன் அடியில் எவ்வளவு ஆழம் போவது என்பதும் அவர் விருப்பமாகவே நின்றது.