பூந்தொட்டிப் பாம்பின் பூர்விகம்: கார்டன் ரீச் கரையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மழைக்காலத்தில் பூந்தொட்டியை நகர்த்துகிறவர், அதனடியில் கறுத்து மினுங்கி நெளியும் ஒன்றைக் கண்டு மண்புழுவென்று ஒதுக்கிவிடுவது நம் நாட்டில் எங்கும் நிகழ்வது. வளையங்களற்ற வழவழப்பான செதில்களும், அவற்றினடியில் புள்ளிகளாகத் தெரியும் கண்களும், இடையிடையே வெளிப்படும் பிளவுண்ட நாவும் அது சர்ப்பமென்பதைக் காட்டிவிடும். ஒரு சாணுக்கும் குறைந்த இப்புழுப் பாம்பு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் உண்டு மண்ணுக்குள் வாழ்வது. காதுக்குள் புகுந்துவிடும் என்ற அபவாதம் அதன்மீது சுமத்தப்பட்டிருந்தபோதிலும், அதற்கு விஷமும் இல்லை, மனிதரைக் கடிக்கத்தக்க வாயும் இல்லை. நூற்பாம்புக் குடும்பத்தோடு இதனை மயங்குவோர் உளர். நூற்பாம்புகளுக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே பற்கள், இதற்கோ மேல்தாடையில் மட்டுமே. இன்டோடிஃப்லாப்ஸ் பிராமினஸ் என்னும் சாஸ்திரப் பெயருடைய இப்பிராணியின் பூர்விக வாசஸ்தலம் எது என்பதே இங்கு விசாரணைக்குரிய பொருள்.

பழைய ஆதாரம் பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய நூல். விசாகப்பட்டினத்தில் கிடைத்த இதனைத் தெலுங்கர் இரண்டு தலைப் பாம்பென்று வழங்கியதையும் அவர் குறித்துவைத்தார். அந்த விவரணத்தைக் கொண்டே பிரெஞ்சு அறிஞர் டோடேன் 1803இல் பெயர் சூட்டினார். இதனால் விசாகப்பட்டினமே அதன் தாயகம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அதுவும் ஒரு துறைமுகமே. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூலறிஞரான ரஸ்ஸல் எங்கே தங்கியிருந்தார் என்பதைத்தான் முதற்பதிவு சொல்லும். பிராணி எங்கே தோன்றியது என்பதைச் சொல்லாது.

இந்த ஐயம் கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் இன்னும் வலுப்பெறுகிறது. ஹூக்ளி நதியின் எதிர்க்கரையான சிப்பூரில் 1787இல் ராபர்ட் கிட் நிறுவிய தாவரத் தோட்டத்தை, சென்னை மாகாணத்தில் ரஸ்ஸலின் பதவிக்கு வந்த ராக்ஸ்பர்க் 1793இல் ஏற்றுக்கொண்டார். 1814இல் வெளிவந்த அத்தோட்டத்தின் அட்டவணை ஏறக்குறைய 3,500 தாவர இனங்களைப் பெயரிடுகிறது. அவற்றுள் வேரோடும் மண்ணோடும் கப்பலேறி வந்தவை எத்தனையோ! இக்கரையிலோ, 1856இல் நாடிழந்து வந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா மட்டியாபுர்ஜில் மாளிகைகளும் பூங்காக்களும் மிருகக்காட்சிச் சாலையும் அமைத்து 1887இல் இறக்கும்வரை வாழ்ந்தார். மட்டியாபுர்ஜ் என்பதற்கு மண்கோபுரம் என்று பொருள். ஆற்று வண்டலும் தோட்ட மண்ணும் கலந்த அவ்விடத்தில் இன்று ஒரு புழுப் பாம்பு கிடைத்தால், அது ஆதிகுடியா வந்தேறியா என்று அதன் உடலைக் கொண்டு மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

வந்தேறியாக இருத்தல் இதற்கு எளிதென்பதற்குச் சரீரக் காரணம் உண்டு. இவ்வினத்தில் பெண்களே அறியப்பட்டிருக்கின்றன. ஆண் சேர்க்கையின்றியே முட்டையிட்டுச் சந்ததி பெருக்குகின்றன. இதன் உயிரணுக்களில் வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று குரோமோசோம் தொகுதிகள் இருப்பதை வின், கோல், கார்ட்னர் ஆகியோர் 1987இல் வெளியிட்டனர். ஆகவே ஒரு தொட்டியின் மண்ணில் ஒரேயொரு பாம்பு தப்பிச் சென்றாலும் புதிய நாட்டில் ஒரு குடியேற்றம் உண்டாகிவிடும். பசிபிக் தீவுகளிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இது பரவியதற்கு இதுவே விளக்கம்.

ஆதலின் பாம்பு அகப்பட்ட இடங்களைத் தேசப்படத்தில் புள்ளியிட்டுத் தாயகத்தைக் காண முயல்வதை நான் ஏற்கவில்லை. உறவினங்களையே கேட்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வாழும் இன்டோடிஃப்லாப்ஸ் இனங்கள் பல தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் செறிந்திருக்கின்றன. மூன்று தொகுதி கொண்ட உயிர் பெரும்பாலும் இனக்கலப்பால் தோன்றுவது என்பதால், அக்கலப்பு அத்தென்பிரதேசத்தில் நிகழ்ந்திருத்தலே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். கார்டன் ரீச்சைத் தாயகத்துக்குள் அடக்காமல், போக்குவரத்தின் வாயிலாகக் கொள்வதே முறை. அங்கே இனி ஒரு பாம்பை எடுத்துப் பதிபவர், ஊரும் தேதியும் எழுதுவதோடு நில்லாமல், அது தொட்டி மண்ணிலா, கொட்டி நிரப்பிய கரை மண்ணிலா, கிளறப்படாத பழைய நிலத்திலா கிடைத்தது என்பதையும் அதே சீட்டில் குறிப்பாராக.