வாங்கிய பாவையும் புனைந்த பாவையும்

தில்லியில் கரோல்பாக் பக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். பித்தளை, வெண்கலம், பிற்பாடு எவர்சில்வர். பாத்திரக் கடைக்காரனுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தால் நம்மூர்ப் பெண்மணிகள் குத்துவிளக்கு வாங்க வந்த கையோடு கொலு பொம்மையும் கேட்பார்கள். கேட்கிற சரக்கை வைக்காதவன் வியாபாரி ஆக மாட்டான். பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வைக்கோல் சுற்றிய பெட்டிகள் ரயிலில் வரும். பத்துக்கு ஒன்று மூக்கு உடைந்திருக்கும். அதை நானே பசை வைத்து ஒட்டி விற்றதும் உண்டு. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

கடைக்கு வருகிற இளம் பெண்கள் இந்தச் சில வருஷமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அங்கிள், செட்டா ரெடிமேடா வாங்கிடறது நல்லதா, இல்லே வெறும் பொம்மை வாங்கி நாங்களே பெயின்ட் அடிச்சு டிரெஸ் பண்ணிக்கட்டுமா?" வியாபாரியாக எனக்குப் பதில் சுலபம்: செட்டாக வாங்குங்கள், எனக்கும் லாபம். இரவில் கடை அடைத்துவிட்டுப் பழைய நூல்களைப் புரட்டுகிறவனாக யோசித்தால் பதில் அவ்வளவு சுலபமில்லை. இந்தக் கேள்வி நேற்று முளைத்ததும் இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பொம்மைக்குப் பழந்தமிழில் பாவை என்று பெயர். திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்திலும் இரவு அதிகாரத்திலும் மரப்பாவை வருகிறது. கயிற்றில் ஆடுகிற, உயிர் இருப்பது போல மயக்குகிற பாவை அது. கல்லாமை அதிகாரத்தில் வருவது வேறு. அங்கே வள்ளுவர் 'புனைபாவை' என்கிறார். மண்ணால் மாட்சிமைப்படச் செய்து அழகூட்டிய பாவை. இந்த ஒரு சொல்லில் எனக்கு நெடுநாள் பிடிப்பு உண்டு. பாவை செய்வது ஒரு வேலை, அதைப் புனைவது இன்னொரு வேலை என்று அது காட்டுவதாக நான் கொள்கிறேன். இரண்டையும் ஒரே கை செய்யவேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

சங்கப் பாடல்களில் வருகிற சிறுமிகளுக்குக் கடை கிடையாது. கடற்கரை மணலில் அவர்களே பிடித்து வைத்தது வண்டற்பாவை. பைஞ்சாய்க் கோரையைக் கிழித்து முடைந்தது பைஞ்சாய்ப் பாவை. ஐங்குறுநூற்றில் ஒருத்தி, தன் வண்டற்பாவையை அலை கொண்டுபோய்விட்டது என்று கோபித்துக்கொண்டு, மணலை வாரி வீசிக் கடலையே தூர்த்துவிடப் பார்க்கிறாள். விலை கொடுத்து வாங்கிய பொம்மைக்காக இப்படிக் கோபித்த குழந்தையை நான் என் கடையில் பார்த்ததில்லை. வாங்கின பொம்மை போனால் இன்னொன்று கேட்டுத்தான் அழும். சிலப்பதிகாரத்துக்கு வந்தால் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் கைவினைஞர் வரிசையில் மண்ணீட்டாளர் நிற்கிறார்கள். சுதைப்பாவை செய்கிறவர்கள் என்று உரை சொல்வார்கள். ஆக, தொழிலாகப் பாவை செய்கிறவர் இருந்தார்கள், வீட்டில் விளையாட்டாகச் செய்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

இரண்டும் ஒரே பொம்மையில் கூடியது மரப்பாச்சியில்தான். மரப்பாவை என்பதே பேச்சில் மரப்பாச்சி ஆயிற்று என்பது என் கருத்து. செம்மரத்தில், அதாவது செஞ்சந்தனத்தில் கடைந்த ஆண் பெண் ஜோடி. திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் வாங்கி வருவார்கள். கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீதனமாகப் பெண்ணோடு கூட வரும்; கொலுப்படியில் அதற்குத்தான் முதல் மரியாதை. விஜயதசமி இரவு அதைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. மைசூர்ப் பக்கம் இதையே பட்டத கொம்பே என்று சொல்கிறார்கள். சமணக் குடும்பமான எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. ஆனால் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் என் ஆயாவிடம் ஒரு மரப்பாச்சி இருந்தது. விளையாட்டுக்கும் அதுதான், குழந்தைக்கு உடம்பு சுட்டால் கல்லில் இழைத்துத் தடவுவதற்கும் அதுதான். ஒரு பக்கத் தோள் தேய்ந்தே போய்விட்டது.

மரப்பாச்சியில் கவனிக்க வேண்டியது இது: கடையில் அது வெறும் கட்டையாகத்தான் கிடைக்கும். கண்ணுக்கு மை, நெற்றிக்குப் பொட்டு, இடுப்புக்குத் துணி எதுவும் இருக்காது. கை உடம்போடு ஒட்டியே கடைந்திருப்பதால் சட்டைக் கை நுழையாது. துணியைச் சுற்றித்தான் தைக்கவேண்டும். அந்த வேலையைத் தச்சர் செய்யமாட்டார். அது வாங்கிப்போகிற வீட்டுப் பெண்களின் வேலை. உருவம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான், உடையில்தான் இது இன்னார் வீட்டுப் பொம்மை என்று தெரியும்.

செம்மரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் சேஷாசலம் மலைப் பக்கம், கடப்பை, சித்தூர் மாவட்டங்களில் வளர்கிற மரம். 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இன்று மரப்பாச்சி என்று கடைக்கு வருவதில் பல, வேறு மரத்தில் சாயம் ஏற்றியவை. செம்மரக் கட்டை நீரில் மூழ்கும். சந்தேகம் இருந்தால் வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள், கடைக்காரர் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

இது நம் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் பொம்மைகளைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாகிவிட்டது. பட்டத்துக்கு வருவதற்கு முன், 1830களின் தொடக்கத்தில், சிறுமி விக்டோரியாவிடம் 132 மரப் பொம்மைகள் இருந்தன. டச்சு பொம்மை என்று பெயர், ஆனால் ஹாலந்துச் சரக்கு அல்ல. அந்த வகைப் பொம்மை ஆல்ப்ஸ் மலையில் கிரோடன் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் செதுக்கி விற்றது. மலிவான சாமான், முளை அடித்துக் கை கால் மாட்டியது. இளவரசிக்குப் பட்டணத்தில் இல்லாத உயர்ந்த பொம்மையா? இருந்தும் அந்த வெறும் கட்டைகளை வாங்கி, அவளும் அவளுடைய ஆசிரியை லேசனும் உட்கார்ந்து உடை தைத்தார்கள். 32 பொம்மைகளுக்கு விக்டோரியாவே தைத்தாள். நாடகத்திலும் நாட்டியத்திலும் பார்த்த பெண்கள், அரண்மனைச் சீமாட்டிகள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதினாள். அந்தப் பொம்மைகளும் பட்டியலும் பிழைத்திருப்பதால் 1894-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே வந்தது. காசுக்குப் பெறாத கட்டை வரலாறு ஆனது அந்தத் தையலாலும் அந்தப் பட்டியலாலும்தான்.

ஜெர்மனியில் துரிஞ்சியா பக்கத்துப் பீங்கான் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டில் பொம்மையின் தலையை மட்டும் தனியாக விற்றன. தோள்பட்டையில் ஊசி நுழையத் துளை இருக்கும். தலையை வாங்கிப் போய், வீட்டில் துணியால் உடம்பு தைத்து மரத்தூள் அடைத்துக்கொள்ள வேண்டியது. வியாபாரம் எப்படிப் புத்திசாலித்தனமாக இருந்திருக்கிறது பாருங்கள். கப்பலில் ஏற்றுகிற எடையும் குறைச்சல், வாங்குகிறவருக்கும் விலை குறைச்சல்.

முழுப் பொம்மையும் பெட்டியோடு வருகிற காலம் பிறகு வந்தது. பார்பி 1959-ல் நியூயார்க் பொம்மைச் சந்தையில் வந்தது. அதன் மூதாதை லில்லி என்கிற ஜெர்மன் பொம்மை. அதைக் குழந்தைகளுக்காகச் செய்யவே இல்லை, பெரியவர்களுக்காகச் செய்தார்கள் என்பது வேடிக்கை. சேகரிப்பவர்கள் கூட்டம் பெருகியபோது ஒரு புதுச் சட்டமும் பிறந்தது. பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் முழு விலை; பெட்டியைத் திறந்தால் குறையும், உடையை மாற்றினால் இன்னும் குறையும், முகத்தில் வண்ணம் தீட்டினால் போயே போயிற்று. இதற்கு நேர் எதிராகவும் ஒரு கூட்டம் கிளம்பியது. ஜப்பானில் வோக்ஸ் என்கிற நிறுவனம் 1999-ல், கண்ணையும் தலைமுடியையும் வாங்குகிறவரே மாற்றிக்கொள்ளும்படியான பெரிய பொம்மையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1972-ல் ஒரே வருஷம் விற்றுப் படுத்துப்போன பிளைத் என்கிற பெரிய தலைப் பொம்மையை 2001-ல் ஜப்பானியர் மறுபடி எடுத்தார்கள். அதை வாங்கிய பலர் முகத்தை இழைத்து, இமையைத் தீட்டித் தம் பொம்மையாக்கிக் கொண்டார்கள். நம் பாட்டிமார் மரப்பாச்சிக்குச் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், செலவு மட்டும் ஆயிரம் மடங்கு.

நம் தில்லியிலேயே இந்த இரண்டு வழியும் ஒரு கூரைக்கடியில் இருக்கின்றன. பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் நேரு ஹவுஸில் 1965-ல் திறந்த சங்கர் சர்வதேச பொம்மை அருங்காட்சியகத்தைச் சொல்கிறேன். கேலிச்சித்திரக்காரர் சங்கரிடம் 1950களின் தொடக்கத்தில் ஹங்கேரித் தூதர் ஒரு பொம்மை கொடுத்தார். அதில் தொடங்கிய ஆசை. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள், ஆறாயிரத்துக்கும் அதிகம். பலர் இந்த எண்ணிக்கையைப் பார்த்து வியந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். என்னை நிறுத்தியது அங்கே இருந்த பட்டறை. வெளிநாட்டிலிருந்து பரிசாக வருகிற பொம்மைக்குப் பதில் பொம்மை கொடுக்க வேண்டாமா? அதற்காக நம் நாட்டு உடை, நகை, முகவெட்டு எல்லாவற்றையும் ஆராய்ந்து சுமார் 150 வகை உடைப் பொம்மைகளை அங்கேயே செய்தார்கள். 1980-ல் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரப் பொம்மைக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றவை இந்தப் பட்டறைப் பொம்மைகள்.

இனி நான் எழுதப்போவது என் தவறு. கரோல்பாக், கோல் மார்க்கெட், லோதி காலனி என்று இருந்த நம்மவர் பலர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது பழைய பித்தளையை என்னிடம் போடுவார்கள். அதோடு சில சமயம் மரப்பாச்சியும் வரும். அப்போது பழம்பொருள் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது பளபளப்பான வெறும் மரம். உடுத்திய பொம்மையை எடுத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே நான் உடையைப் பிரித்தெறிந்துவிட்டு, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பேன். எத்தனை ஜோடி என்று கணக்கு வைக்கவில்லை. இருபதுக்குக் குறையாது.

1991-ல் ஒரு ஜோடி வந்தது. பெரியவர் ஒருவர் கொடுத்தார், 150 ரூபாய் கொடுத்தேன். பிளேடால் தையலைப் பிரித்தபோது துணிக்கடியில் துணியாக வந்துகொண்டே இருந்தது. மேலே பாலியஸ்டர். அதற்குக் கீழே நைலான். அப்புறம் அரக்குப் பட்டில் ஒரு துண்டு, ஜரிகை கறுத்தது. அதற்கும் அடியில் நூல் சேலைக் கிழிசல். ஒவ்வொரு தலைமுறையும் பழையதைக் கழற்றாமல் மேலேயே தைத்திருக்கிறது. ஆண் பொம்மைக்கு வேட்டிக்குக் கீழே கம்பளித் துணியில் ஒரு சின்னக் கோட்டு, கழுத்தில் கையால் பின்னிய மஃப்ளர். அந்த வீட்டார் வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்காரோடு வெயிலுக்குச் சிம்லா போய்த் திரும்பியவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மலைக் குளிரில் யாரோ ஒரு மாமி பொம்மைக்கும் குளிருமே என்று பின்னியிருக்கிறாள். நான் சிரித்தேன், கந்தல் மூட்டையில் போட்டேன். ஜோடி 900 ரூபாய்க்குப் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெரியவரின் சகோதரி கடைக்கு வந்தார். எண்பது வயசு இருக்கும். பொம்மை விற்றுப்போயிற்று என்று சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "துணியாவது வெச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். பட்டுத் துண்டு அவருடைய அம்மாவின் கூறைப் புடவையாம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.

எங்கள் யசோதர காவியத்தில், அரிசி மாவால் செய்த கோழியைப் பலி கொடுத்த மன்னன் பல பிறவி துன்பப்படுகிறான். மாவுதானே, பொம்மைதானே என்று அவனும் நினைத்தான். ஒரு உருவத்தின் மேல் மனிதர் வைத்த எண்ணத்தை வெட்டினாலும் அது வெட்டுத்தான் என்பது அந்தக் கதை. சிறு வயதில் ஆயா சொல்லக் கேட்டபோது, மாக்கோழிக்குப் போய் இவ்வளவு தண்டனையா என்று எனக்குத் தோன்றும். அந்த அம்மாள் படியிறங்கிப் போனபிறகு அப்படித் தோன்றவில்லை.

அதன்பிறகு உடை பிரிப்பதை நிறுத்தினேன். பழைய மரப்பாச்சி வந்தால் உயரம், அளவு, எத்தனை அடுக்குத் துணி, கைத்தையலா மிஷினா, எந்த ஊர்க் குடும்பம், தில்லிக்கு எப்போது வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். இதுவரை பதினேழு ஜோடி. ஒரு ஜோடிக்கு ரஜாய்த் துணியில் மெத்தை இருக்கிறது. இன்னொன்றில் பெண் பொம்மை சல்வார் கமீஸ் போட்டிருக்கிறது. பஞ்சாபிப் பக்கத்துவீட்டுக்காரி தைத்துக் கொடுத்ததாம். இந்த மாதிரி உடை எந்த ஆலையிலிருந்தும் வராது. தில்லிக்கு வந்த தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நமக்கு ஆவணம் குறைவு, அதில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

ஆகவே செட்டா, தனியா என்று கேட்கிற பெண்களுக்கு இப்போது நான் சொல்வது: தசாவதாரம், கல்யாண செட் எல்லாம் தாராளமாக ரெடிமேடாக வாங்குங்கள், அதைச் செய்கிற குயவர் குடும்பமும் பிழைக்கவேண்டும். மரப்பாச்சி ஒன்று மட்டும் வெறுமையாக வாங்கி நீங்களே உடுத்துங்கள். உங்கள் வீட்டில் பழைய ஜோடி இருந்தால் புதுத் துணியை மேலேயே சுற்றுங்கள், அடியில் இருப்பதைப் பிரிக்க வேண்டாம். மலர் வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது அப்படி இருந்தால் சங்கத்தில் சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை இல்லை. நோட்டும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.